கேவியட் போட்டால் எதிராளி வழக்கே போட முடியாதா?

கடலூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பாகூரில் அப்பா வழியில் வந்த மனையில் வீடு கட்டுகிறேன். பங்கு கேட்கும் சித்தப்பா மகன், ஸ்டே வாங்கி வேலையை நிறுத்துவேன் என்கிறார். கடலூர் கோர்ட்டில் கேவியட் போட்டால் அவரால் வழக்கே போட முடியாதாமே?"

போடலாம். கேவியட் அதைத் தடுக்காது. இந்த நம்பிக்கையோடு நிம்மதியாக இருந்துவிட்டு, தடை உத்தரவைப் பார்த்து அதிர்ந்தவர்கள் உண்டு.

கேவியட் லத்தீன் சொல். 'அவர் எச்சரிக்கையாக இருக்கட்டும்' என்று பொருள். நடைமுறையில், "இன்னார் என்மேல் மனுப் போட்டால் என்னையும் கேட்டுவிட்டு உத்தரவு போடுங்கள்" என்று நீதிமன்றத்திடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது. 1976 திருத்தத்தில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவாக வந்தது. உங்கள் உறவினர் இடைக்காலத் தடை கேட்டு மனுப் போட்டால் உங்களுக்கு நோட்டீஸ் வரும். உங்கள் பேச்சையும் கேட்ட பிறகு, நியாயம் அவர் பக்கம் என்று நீதிபதிக்குப் பட்டால் தடை கிடைக்கவே செய்யும். உங்களுக்குத் தெரியாமல் எக்ஸ்பார்ட்டியாக வாங்கும் வழிதான் அடைபடுகிறது. அதுவே பெரிய பாதுகாப்பு.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது 'கடலூர் கோர்ட்' என்ற வார்த்தை. நீங்கள் குடியிருப்பது கடலூராக இருக்கலாம்; பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது. நிலத்தின் மீதான உரிமை வழக்கு, நிலம் எந்த நீதிமன்ற எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் வரும். கேவியட்டும் புதுச்சேரியில் போட வேண்டும். தமிழ்நாட்டு ஊரும் புதுச்சேரி ஊரும் பின்னிக் கிடக்கும் நம் பகுதியில் இதை முதலில் பாருங்கள். மதிப்பைப் பொறுத்து அவர் முன்சீப் கோர்ட்டுக்கும் போகலாம், சப் கோர்ட்டுக்கும் போகலாம் என்றால் இரண்டிலும் போட்டு வையுங்கள்.

அவர் பெயரைப் பத்திரத்தில் உள்ளபடி எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரில் போட்டால், மனு வரும்போது கோர்ட் அலுவலகத்தில் பொருத்திப் பார்க்க முடியாமல் போகும். அவருடைய அண்ணன், அக்காவும் பங்கு கேட்கக்கூடும் என்றால் அவர்களையும் சேருங்கள். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அவர்களுக்குக் கேவியட் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறது சட்டம். அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஆயுள் 90 நாள்தான். அதற்குள் வீட்டு வேலை முடியாது, இல்லையா? ஒரு வாரம் முன்பே புதிதாக இன்னொன்று தாக்கல் செய்துவிடுங்கள்.

அப்புறம், பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி எல்லாவற்றையும் இப்போதே வக்கீலிடம் கொடுத்து வையுங்கள். நோட்டீஸ் வந்தபின் தேட நேரம் இருக்காது.