சூடை மீன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தொண்டியிலிருந்து வரும் சூடை, காரைக்குடி சந்தைக்குச் சேர்வதற்குள் வயிறு வெடித்துப் போகிறது. பழைய மீனா?
*காரைக்குடி வாசகி*

பழையதாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது, அம்மா. சூடை நன்றாக மேய்ந்த நேரத்தில் வலையில் சிக்கினால் குடல் நிறைய இரையும், அதைச் செரிக்கும் நொதியும் இருக்கும். உயிர் போன பிறகும் நொதி வேலை செய்யும்; மெல்லிய வயிற்றுச் சுவரையே கரைத்துவிடும். வெயில் ஏற ஏற வேகம் கூடும். படகிலேயே ஐஸ் போட்டிருந்தால் தாங்கும்.

வயிற்றை மட்டும் பார்க்காமல் செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக, கடல் வாடையோடு இருந்தால் வாங்கலாம். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்ததை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. சிலருக்கு மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வருவதற்கு இது ஒரு காரணம்.

சூடையும் மத்தியும் ஒன்றுதானே?
*தேவகோட்டை வாசகர்*

பங்காளிகள்; ஒன்றல்ல. மத்திக்குத் தலை நீளம். அதைவிட நல்ல அடையாளம் செவுளுக்குள் இருக்கிறது. செவுள் வளைவில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக முட்கள் இருக்கும், தண்ணீரை வடிகட்டி இரையைப் பிடிக்க. கீழ் வளைவில் மத்திக்கு 150-க்கும் மேல், சூடைக்கு 50-ஐ ஒட்டி. மத்தியின் சீப்பு நெருக்கமானது. கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசியும் அதில் தங்கும். சூடைக்கு முக்கிய உணவு அதைவிடச் சற்றுப் பெரிய மிதவை உயிரிகள், இறால் வகையின் குஞ்சுகள். ஒரே கடலில் இருந்தாலும் சாப்பாடு வேறு. எனக்கு அலுக்காத விஷயம் இது. அடுத்த முறை மீன் கழுவும்போது செவுளை வெட்டி எறியாமல் தண்ணீரில் விரித்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு முள்?
*பள்ளத்தூர் வாசகி*

முதுகெலும்போடு சேராமல் தசைக்குள்ளேயே நூல் மாதிரி முட்கள் கிடக்கின்றன. சூடை, மத்தி குடும்பத்தில் பொதுவாகக் காணும் அமைப்பு. போதாததற்கு வயிற்றடியில் ரம்பம் போல சுமார் 30 செதில் தகடுகள். அதைக் கத்தரித்துவிட்டு, மண்சட்டியில் புளிக்குழம்பில் நிதானமாக வேகவிடுங்கள். சின்னச் சூடையின் நூல்முள் பல்லில் தெரியாது.

எங்கள் ஊர்க் கண்மாயில் விட்டு வளர்க்கலாமா?
*கானாடுகாத்தான் வாசகர்*

முடியாது. அது கடல் மீன். கையில் எடுத்தாலே செதில் உதிரும், கூட்டம் இல்லாமல் தவிக்கும். கண்மாய்க்குக் கெண்டைதான் சரி.