லேட்டரல் என்ட்ரியில் வந்த தம்பிக்கு

தம்பி, டிப்ளமோ முடித்து நேராக 2ஆம் ஆண்டு மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் சேர்ந்ததாகவும், கணக்கு வகுப்பில் ஒன்றும் புரியாமல் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நானும் அப்படி வந்தவன்தான். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது.

உங்கள் மூளையில் எந்தக் குறையும் இல்லை. மற்றவர்கள் பிளஸ் டூவிலும் முதல் 2 செமஸ்டரிலும் போட்டுப் பழகிய கணக்கை நீங்கள் போடவில்லை, அவ்வளவுதான். பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தை வாங்கி, பகுதித் தொகையிடலையும் (பெருக்கலாக இருப்பதைத் தொகையிடும் முறை), அதைச் சுருக்கமாகப் போட உதவும் பெர்னோலி சூத்திரத்தையும் 15 நாள் கையால் போடுங்கள். காஸ் என்-பை (cos nπ) மதிப்பு, என் (n) இரட்டைப்படை என்றால் 1, ஒற்றைப்படை என்றால் மைனஸ் 1. இதெல்லாம் விரலில் ஏறிவிட்டால், ஒரு சார்பை சைன், காஸ்களின் கூட்டலாக எழுதும் ஃபூரியர் தொடர் பயமுறுத்தாது.

அப்புறம், லேபில் ஒதுங்கி நிற்காதீர்கள். லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய துண்டை, சக் என்ற பிடிப்பானில் மாட்டி சென்டர் பார்ப்பது உங்களுக்குப் பழகிய வேலை. பக்கத்தில் தடுமாறுகிறவனுக்குச் சக் சாவியைப் பிடித்துக் காட்டுங்கள். என் முதல் நண்பன் அப்படித்தான் கிடைத்தான். அன்று ராத்திரியே ஹாஸ்டலில் எனக்கு லாப்லாஸ் உருமாற்றக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தான்.

முதல் இன்டர்னல் தேர்வுக்கு முன்பே கணக்கு சாரைப் பார்த்து, டிப்ளமோவிலிருந்து வந்ததைச் சொல்லிவிடுங்கள். படிப்பை மட்டும் இப்போது விட்டுவிடாதீர்கள், தம்பி.