ரெனுவாரின் படகு ஓவியத்தைப் பலரும் கொண்டாடுகிறார்கள். எனக்குத் திட்டுத் திட்டாகத்தான் தெரிகிறது. அதில் அப்படி என்ன இருக்கிறது?

நீங்கள் அதை போனில்தான் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் மேல் தப்பில்லை. அந்தப் படத்தை நானே ஒரு தடவை கெடுத்திருக்கிறேன், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் கேட்பது 1875-ல் பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் வரைந்த 'லா யோல்' என்றால், அது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. பிரான்சின் சீன் நதி, நல்ல வெயில், ஒல்லியான துடுப்புப் படகில் இரண்டு பெண்கள், தூரத்தில் ரயில் பாலம். படகு ஆரஞ்சு, தண்ணீர் நீலம்.

நான் சிவகாசியில் 26 வருடம் ஆஃப்செட் அச்சு மிஷின் ஓட்டியவன். ஒரு பார்ட்டி 12 வெளிநாட்டு ஓவியங்களை வைத்து மாதக் காலண்டர் போடச் சொன்னார். ஜூன் மாதத்துக்கு இந்தப் படகு. புரூஃபை, அதாவது மாதிரி அச்சைப் பார்த்துவிட்டு, "படகு கண்ணைக் குத்துது, தண்ணியும் ரொம்ப நீலமா இருக்கு, கொஞ்சம் அடக்குங்க அண்ணாச்சி" என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. மெஜந்தா என்ற சிவப்பு மையைக் குறைத்ததும் படகு வெளிறிய மஞ்சளானது. சியான் என்ற நீல மையை இறக்கியதும் தண்ணீர் சாம்பல் பூத்தது. பார்ட்டிக்குத் திருப்தி. அப்படியே அடித்துக் கொடுத்துவிட்டோம்.

சில வருடம் கழித்து லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது அந்த கேலரிக்குப் போனேன். நுழைவுக் கட்டணம் கிடையாது. படம் மூன்றடி அகலம்தான். கிட்டப் போய்ப் பார்த்தேன். படகுக்கு விளிம்புக் கோடே கிடையாது. நீலம் தொடங்குகிற இடத்தில் ஆரஞ்சு முடிகிறது, அவ்வளவுதான். அந்த ஆரஞ்சு எங்களைப் போல மஞ்சள் மேல் மெஜந்தா ஏற்றிக் கொண்டுவந்ததில்லை, குரோம் ஆரஞ்சு என்ற தனிச் சாயம். தண்ணீருக்குக் கோபால்ட் நீலம். கேலரிக்காரர்கள் படத்தின் சாயங்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்; கறுப்பும் இல்லை, காவி மாதிரி மண் நிறங்களும் இல்லை. கறுப்பு மைக்கான அச்சு பிளேட் இல்லாமல் ஒரு போட்டோவையோ ஓவியத்தையோ நான் அடித்ததே இல்லை.

ஆரஞ்சும் நீலமும் பக்கத்தில் இருந்தால் இப்படி எடுப்பாகத் தெரிவதற்குக் காரணமும் உண்டு. பாரிசில் கோப்லேன் என்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில் செவ்ரோல் என்ற வேதியியலாளர் சாயப்பட்டறையைக் கவனித்துவந்தார். கறுப்புச் சாயம் சோடையாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் வைத்து நெய்த நிறம்தான் அதை அப்படிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து 1839-ல் எழுதினார். எதிரெதிர் நிறங்களைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் கொடுக்கும் என்றும் சொன்னார். ஆரஞ்சும் நீலமும் அப்படி ஒரு ஜோடி.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: நிறம் நன்றாக வந்தால் டிசைன்காரருக்குப் பேர், சோடையாக வந்தால் மிஷின்மேன் கெடுத்துவிட்டான். நாள் முழுக்க மை வாசனையில் நின்று, தாளுக்குத் தாள் லென்ஸ் வைத்துப் பார்க்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். சரி, அது வேறு கதை.

ஓவியம் படித்தவர்கள் வந்து, தொழில்காரன் மை கணக்கில் ரெனுவாரை அளக்கிறான் என்று சொல்லலாம். அந்தப் பெண்களின் முகம், அந்தக் காலத்துப் பாரிஸ்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை பற்றியெல்லாம் அவர்கள் எழுதட்டும். எனக்குத் தெரிந்தது நிறம். தெரிந்ததைத்தான் சொல்கிறேன்.

அன்றைக்குப் படத்தை விட்டு நாலு எட்டு பின்னால் வந்து, ஒரு கண்ணை மூடி, கட்டை விரலால் அந்தப் படகை மட்டும் மறைத்துப் பார்த்தேன். தண்ணீர் அப்படியே தணிந்துபோனது. விரலை எடுத்ததும் வெயில் திரும்ப வந்தது.