ஓட்டத்தில் கை வைக்காதீர்கள்

கேள்வி: என் கணவர் கல்யாண போட்டோகிராபர். சீசனில் வாரத்துக்கு மூன்று மண்டபம்கூட வரும். முதல் நாள் மதியம் போனால் மறுநாள் மதியம்தான் வருவார், வந்ததும் தூக்கம், எழுந்தால் லேப்டாப். முகூர்த்தம் இல்லாத நாளிலாவது எங்களோடு இருப்பார் என்று பார்த்தால் விடியற்காலை 5 மணிக்கு ஷூவை மாட்டிக்கொண்டு ரேஸ்கோர்ஸுக்கு ஓடப் போய்விடுகிறார். டிசம்பரில் ஒரு மாரத்தான், ஜனவரியில் ஒரு மாரத்தான் என்கிறார். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். ஊரார் குடும்பத்தையெல்லாம் படம் எடுக்கிறவர், நாங்கள் நாலு பேரும் சேர்ந்து நிற்கிற படம் சமீபத்தில் ஒன்றுகூட இல்லை. இந்த ஓட்டத்தை விட்டுவிடச் சொன்னால் தப்பா?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: தப்புதான். உங்கள் கோபம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் காட்டுகிற இடம்தான் சரியில்லை. வாரம் நாலு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினாலும் மொத்தம் நாலு மணி நேரம். ஒரே ஒரு கல்யாணம் விழுங்குகிற நேரத்தில் அது கால்வாசிகூடத் தேறாது, அதுவும் நீங்களும் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருக்கிற நேரம். அதை நிறுத்திவிட்டால் அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு வரும் என்றா நினைக்கிறீர்கள்? எடிட்டிங்குக்குத்தான் போகும்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சாயங்காலம் ரிசப்ஷன். மேடைக்கு எதிரே நாலைந்து மணி நேரம் நின்றபடியே, வருகிற ஒவ்வொரு குடும்பத்தையும் வரிசையாக நிறுத்தி, ‘சார் கொஞ்சம் உள்ளே வாங்க, அக்கா குழந்தையைத் தூக்கிக்குங்க’ என்று சொல்லிச் சொல்லி எடுத்து முடிப்பதற்குள் ராத்திரி 11 ஆகிவிடும். பந்தியில் கடைசியாக உட்காருவது போட்டோ, வீடியோக்காரர்கள்தான், சில இடங்களில் அதற்குள் பாதி அயிட்டம் தீர்ந்திருக்கும். (கல்யாண வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களை முதல் பந்தியிலேயே உட்கார வையுங்கள், அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.) முகூர்த்தம் 4.30 - 6 என்றால் 3 மணிக்கே பொண்ணு ரூமில் லைட் போட்டாக வேண்டும். கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் மாதிரி சீர்கள் வேறு, ஒன்று விட்டுப்போனாலும் பெரியவர்கள் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் 70-200 லென்ஸ் மாட்டிய கேமரா ஒன்று 2 கிலோ வரும், யாரையும் நிறுத்தி வைக்காமல் இயல்பாக இருக்கும்போதே எடுக்கிற கேண்டிட் படக்காரர் கூடவே இன்னொரு கேமராவையும் தோளில் போட்டுக்கொண்டு அலைவார். கெட்டிமேளம் முழங்கித் தாலி ஏறுகிற அந்தச் சில நொடிகளில் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் போனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்து நிற்பார்கள், அதற்கு நடுவில் இவர் எடுத்தாக வேண்டும், விட்டால் விட்டதுதான். அப்புறம் ஆயிரக்கணக்கான படங்களை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, கழித்து, கலர் சரிசெய்து அனுப்பினால், ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கவே அந்த வீட்டில் மாசக்கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அதுவரைக்கும் பாக்கிப் பணம் வராது.

இப்படி அடுத்தவர் வீட்டு நேரங்காலத்துக்கே வாழ்கிற மனிதருக்கு, யாரையும் சிரிக்கச் சொல்ல வேண்டாத, யாரும் பின்னாலிருந்து ‘போட்டோகிராபர்!’ என்று கூப்பிடாத ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது. அதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. மண்டபத்தில்தான் அவ்வளவு நடக்கிறாரே, அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. நேரங்கெட்ட சாப்பாடும் ஒரு பக்கத் தோளில் பாரமும் குனிந்து நிமிர்வதுமாக அந்த நடை உடம்பைத் தேய்க்கத்தான் செய்யும். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சியோ 75 நிமிடம் கடுமையான பயிற்சியோ செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் கணவர் அதைத் தாண்டியே செய்கிறார். இந்தத் தொழிலில் நாற்பது வயதிலேயே இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக இல்லை.

என் பயம் வேறு. பொள்ளாச்சி, தாராபுரம் என்று வெளியூர் கல்யாணங்களை முடித்துவிட்டு அவரே கார் ஓட்டிக்கொண்டு வருகிறாரா? 17 மணி நேரம் தூங்காமல் இருந்தவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் ஏறியவர் அளவுக்குத் தடுமாறும் என்று 1997-இலேயே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்துச் சொன்னார்கள். நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுகிறவருக்கு அனுமதிக்கிற அளவு 30 மில்லிகிராம். ஒரு சொட்டுக்கூட குடிக்காத மனிதர், முகூர்த்தம் முடிந்து பொள்ளாச்சி ரோட்டில் அந்த நிலையில் வந்துகொண்டிருக்கிறார். சகோதரி, சண்டை போடுவதென்றால் இதற்குப் போடுங்கள். மண்டபத்திலேயே ரெண்டு மணி நேரம் படுத்துவிட்டு வரச் சொல்லுங்கள், இல்லை டிரைவர் செலவைப் பேக்கேஜிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது அவருக்கு, இந்தப் பக்கத்தை அப்படியே அவர் கையில் கொடுங்கள்.

தம்பி, நீங்கள் ஓடுவதற்காக உங்கள் மனைவியிடம் இவ்வளவு வாதாடியிருக்கிறேன், அதற்காக உங்களைச் சும்மா விட முடியாது. ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு மறுநாள் விடியலில், அட்டவணையில் 16 கிலோமீட்டர் போட்டிருக்கிறது என்று கிளம்பாதீர்கள். தூங்காத உடம்பில் ஓடினால் காயம்தான் மிச்சம், ஒரு லாங் ரன் விட்டுப்போனால் ஒன்றும் கெட்டுவிடாது. அந்தக் காலையில் தூங்குங்கள், எழுந்து பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வாருங்கள். இரண்டாவது, வருகிற தேதி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிற பழக்கம். இன்று ஒரு வீட்டுக்கு முடியாது என்று சொன்னால் அவர்கள் தங்கச்சி கல்யாணமும் அடுத்த தெரு வளைகாப்பும் கையை விட்டுப் போகும் என்கிற பயம் எனக்குப் புரிகிறது, இந்தத் தொழிலே வாய்வார்த்தையில்தான் ஓடுகிறது. ஆனாலும் மாசத்துக்கு ஒரு முகூர்த்த ஞாயிறாவது வீட்டுக்கு என்று வைத்தே ஆக வேண்டும். ஐந்து வருஷமாகக் கூடவே நிற்கிற உதவியாளருக்கு ஒரு ரிசப்ஷனைத் தனியாகக் கொடுத்துப் பாருங்கள். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க இத்தனை நாள், பாக்கிப் பணம் இந்தத் தேதிக்குள் என்று முன்பணம் வாங்கும்போதே எழுதி வாங்குங்கள், பாதி ராத்திரி போன் அழைப்புகள் அதிலேயே குறைந்துவிடும். உங்கள் வீட்டு நாலு பேர் படத்தை நீங்கள் எடுக்காதீர்கள். டைமர் வைத்துவிட்டு ஓடி வந்து நிற்கிற வேலையும் வேண்டாம். அந்த உதவியாளரைக் கூப்பிட்டு கேமராவைக் கொடுத்துவிட்டு, மனைவி பக்கத்தில் போய் நில்லுங்கள். எடுத்ததை உடனே பிரிண்ட் போட்டு மாட்டுங்கள், எடிட்டிங் வரிசையில் சேர்த்தால் அது என்றைக்கும் வெளியே வராது.

மறுபடி உங்களிடம் வருகிறேன், சகோதரி. கோடை விடுமுறை உங்களுக்குக் கிடைக்காது, அதை இப்போதே ஏற்றுக்கொள்வது நல்லது. சித்திரையும் வைகாசியும் அவருக்குச் சம்பாதிக்கிற மாதங்கள், பிள்ளைகளைப் பாட்டி ஊருக்கு அனுப்பிவிடுங்கள். ஆனால் அரையாண்டு விடுமுறை மார்கழியில் வருகிறது. மார்கழியில் இந்துக் கல்யாணம் கிடையாது, சர்ச் கல்யாணங்களும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் குறைவு. நம் ஊர் மாரத்தான் டிசம்பரில், சென்னை மாரத்தான் ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி. அவர் இந்த இரண்டையும் தேர்ந்தெடுத்தது உங்களை விட்டுவிட்டு ஓடுவதற்காக இருக்காது, வருஷத்தில் அவரால் தூங்கி எழுந்து பயிற்சி செய்ய முடிகிற காலம் அதுதான். வருஷத்துக்கு ஒரு பந்தயம் போதும் என்று பேசி முடிவு செய்யுங்கள். சென்னைதான் என்றால் விடுமுறையோடு சேர்த்து நாலு பேருமாகப் போய் ரெண்டு மூன்று நாள் தங்குங்கள். பந்தய நாள் காலை அவருக்கு, மற்ற நாளெல்லாம் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், அதாவது நவம்பர் முதல் வாரம். அந்தச் சமயத்தில் ஐப்பசிக் கல்யாணங்களில் அவர் மூழ்கிக் கிடப்பார், அவர் போடட்டும் என்று காத்திருக்காமல் டிக்கெட்டை நீங்களே போட்டுவிடுங்கள்.