பாஸ்போர்ட் முடியப் போகிறது, விசா மிச்சம் இருக்கிறது: எதை நம்பிக் கிளம்புவது?

கேள்வி: என் மகள் ஷெங்கன் நாடு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) ஒன்றில் குடும்பத்தோடு வசிக்கிறாள். மே கடைசி வாரத்தில் அவளுக்குப் பிரசவம். மே 10 போய், ஜூலை 12 திரும்பலாம் என்று இருக்கிறேன். என் பாஸ்போர்ட் செப்டம்பர் 20-ஆம் தேதியோடு முடிகிறது. அதில் ஒட்டியிருக்கும் மல்டிபிள் என்ட்ரி விசாவோ அடுத்த ஆண்டு ஜூன் வரை இருக்கிறது. "ஆறு மாசம் மிச்சம் இல்லேன்னா ஏத்த மாட்டாங்க" என்கிறார் டிராவல் ஏஜென்ட். "மூணு மாசம் போதும்" என்கிறார் மருமகன். புதுப்பித்தால் விசா வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இதே விசாவில் ஜனவரி 3 முதல் பிப்ரவரி 11 வரை ஒருமுறை போய் வந்துவிட்டேன். நான் என்ன செய்வது?

பதில்: பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள் அம்மா. அதனால் விசா போய்விடாது. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது இந்த இரண்டும் அல்ல. போகிற போக்கில் கடைசியில் சொல்லியிருக்கிறீர்களே, அந்த ஜனவரிப் பயணம்தான். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மே 10 கிளம்பி ஜூலை 12 வரை நீங்கள் இருக்க முடியாது.

முதலில் ஏஜென்ட், மருமகன் வழக்கைத் தீர்த்துவிடுவோம். இருவரும் ஒரே விதியைப் பற்றிப் பேசவில்லை. மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற பல நாடுகள் பாஸ்போர்ட்டில் 6 மாதம் மிச்சம் கேட்கின்றன. அதை நீங்கள் போய் இறங்கும் நாளிலிருந்து எண்ண வேண்டும். ஷெங்கன் நாடுகள் கேட்பது 3 மாதம்தான். ஆனால் அது அங்கிருந்து நீங்கள் வெளியேறும் நாளிலிருந்து. மூன்று மாதம் என்று கேட்டதும் பலரும் இறங்கும் நாளிலிருந்து எண்ணி நிம்மதியாகிவிடுகிறார்கள். ஜூலை 12 வெளியேறினால் பாஸ்போர்ட் அக்டோபர் 12 வரையாவது செல்ல வேண்டும். உங்களுடையது செப்டம்பர் 20-இல் முடிகிறது. மூன்று வாரம் குறைகிறது. மருமகன் சொல்லும் விதிப்படியே போக முடியாது என்னும்போது ஏஜென்ட் சொல்வதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. (பாஸ்போர்ட் வழங்கி 10 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது என்றும் ஷெங்கனில் ஒரு விதி உண்டு. பழைய பாஸ்போர்ட்டுக்கே காலநீட்டிப்பு வாங்கி வைத்திருப்பவர்கள் இதில் மாட்டுவார்கள்.)

"கொஞ்சம்தானே குறைகிறது, அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம்" என்று நினைக்காதீர்கள். பேசுவதற்கு அங்கே போய்ச் சேரவே மாட்டீர்கள். செக்-இன் கவுண்டரில் இருப்பவர் 'டிமாட்டிக்' என்ற தரவுத்தளத்தில் உங்கள் குடியுரிமை, போகும் நாடு, வழியில் மாறும் நாடு எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பார். தகுந்த ஆவணம் இல்லாதவரை ஏற்றிக்கொண்டு போனால் விமான நிறுவனத்துக்கு ஒரு பயணிக்கே ஆயிரக்கணக்கான யூரோ அபராதம் விழும். திருப்பிக் கூட்டிவரும் செலவும் அவர்கள் தலையில்தான். திரையில் 'கூடாது' என்று வந்துவிட்டால் அவரிடம் கெஞ்சிப் பயனில்லை.

இனி விசா. பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்து ஓரத்தை வெட்டிக் கொடுத்தாலும் அதில் உள்ள ஷெங்கன் விசா செல்லும். புதியது, பழையது இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்க விசாவுக்கும் இதே நடைமுறைதான். நிபந்தனைகள் இரண்டு: விசா ஸ்டிக்கருக்குச் சேதம் இருக்கக் கூடாது, விசாவின் மேலேயே ரத்து முத்திரை விழுந்திருக்கக் கூடாது. ஆகவே புதுப்பிக்கக் கொடுக்கும்போதே, "உள்ளே செல்லுபடியாகும் விசா இருக்கிறது, அந்தப் பக்கத்தைத் தொடாமல் பழையதைத் திருப்பித் தாருங்கள்" என்று சொல்லுங்கள். விண்ணப்பத்தில் அதற்கு இடம் இருந்தால் எழுதியும் கொடுங்கள். ஸ்டிக்கரை உரித்துப் புதியதில் ஒட்டிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உரித்த விசா செல்லாது.

இன்னொன்று. புதுப்பிக்கும் சாக்கில் பெயரைச் சரிசெய்ய வேண்டாம். இனிஷியலை விரித்து எழுதுவது, அப்பா பெயரை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைச் சேர்ப்பது, ஒரே சொல்லாக இருப்பதை இரண்டாகப் பிரிப்பது எல்லாம் நம்மவர்களுக்கு எப்போதும் இருக்கும் ஆசை. விசாவில் ஒரு பெயரும் புதுப் பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயரும் இருந்தால் இருவரும் ஒருவரே என்று ஒவ்வொரு கவுண்டரிலும் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த விசா முடியும்வரை பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும்.

உங்கள் விசா காகிதத்தில் ஒட்டியது, அதனால் இது எளிது. மின்னணு அனுமதி வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை. ஆஸ்திரேலியா 2015 செப்டம்பரிலிருந்து ஸ்டிக்கர் ஒட்டுவதையே நிறுத்திவிட்டது. விசா பாஸ்போர்ட் எண்ணோடு கோத்து வைக்கப்பட்டிருக்கும், எண் மாறினால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பிரிட்டனின் இ-விசாவும் அப்படியே, ஆன்லைன் கணக்கில் புது எண்ணை ஏற்றினால்தான் விமான நிறுவனத்துக்கு உங்கள் அனுமதி தெரியும். அமெரிக்காவின் எஸ்டா, கனடாவின் இ.டி.ஏ. போன்ற பயண அனுமதிகளைப் புதுப் பாஸ்போர்ட்டுக்குப் புதிதாகவே வாங்க வேண்டும்.

இப்போது ஜனவரிக்கு வருவோம். விசா அடுத்த ஜூன் வரை இருக்கிறது என்றால், அதுவரை அந்த வாசலைத் தாண்டலாம் என்றுதான் பொருள். எத்தனை நாள் உள்ளே இருக்கலாம் என்பதற்கு ஸ்டிக்கரில் தனிக் கட்டம் உண்டு. மல்டிபிள் என்ட்ரியில் வழக்கமாக 90 என்று இருக்கும், உங்களுடையதிலும் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த 180 நாள் ஜனவரி 1-இல் தொடங்குவதில்லை, நீங்கள் முதலில் போன நாளிலும் தொடங்குவதில்லை. அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றையிலிருந்து பின்னோக்கி 180 நாளைப் பார்ப்பார்கள். 2013 அக்டோபர் 18 முதல் கணக்கு இப்படித்தான். போய் இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் முழு நாளாகவே சேரும்.

ஜனவரி 3 முதல் பிப்ரவரி 11 வரை நீங்கள் இருந்தது 40 நாள். மே 10 முதல் ஜூலை 12 வரை 64 நாள். கூட்டினால் 104 என்று பதற வேண்டாம். ஜூலை மாதம் வரும்போது ஜனவரி நாட்கள் பின்னால் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கிவிடும். ஆனால் அதற்குள் வரம்பைத் தாண்டிவிடுகிறீர்கள் என்பதுதான் சிக்கல். மே 10 போனால் ஜூன் 28 அன்று 40-உம் 50-உம் சேர்ந்து 90 ஆகிவிடும். ஜூன் 29 அன்று 91. ஜூலை 1 அன்று 93. அதன் பிறகு தினமும் முன்னால் ஒன்று கூடுகிறது, பின்னால் ஒன்று குறைகிறது. ஆகவே ஜூலை 12 வரை 93-லேயே நிற்கும். வரம்பைவிட மூன்று நாள்தான் அதிகம். ஆனால் ஜூன் 29 முதல் நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் விதிமீறல்.

இதே பயணத்தை மே 13-க்குத் தள்ளிப் பாருங்கள். ஜூலை 1 அன்று கணக்கு 90-ஐத் தொடும், ஆனால் தாண்டாது. அன்று முதல் ஒன்று கூட, ஒன்று குறைய, ஆகஸ்ட் 10 வரை 90-லேயே ஓடும். அதாவது மூன்று நாள் பொறுத்துப் போனால் ஜூன் 28-க்குப் பதில் ஆகஸ்ட் 10 வரை மகளோடு இருக்கலாம். இந்தக் கணக்கை நம்பாதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நாட்காட்டியை வைத்து எண்ணிப் பார்க்கும்வரை எனக்கும் இது மாயம் போலத்தான் தோன்றும். ஐரோப்பிய ஆணையம் இதற்கென்றே ஒரு கணிப்பானை இணையத்தில் வைத்திருக்கிறது. தேதிகளைப் போட்டு மருமகனையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

என் யோசனை மே 16. அப்போது கணக்கு ஜூலை முழுக்க 87-இல் நிற்கும். விமானம் ரத்தானாலோ காய்ச்சலில் படுத்தாலோ மூன்று நாள் கையில் இருக்கும். குழந்தை பிறப்பது மே கடைசி வாரம் என்பதால் அதற்கு முன்பே போயும் சேர்ந்துவிடலாம். ஒருவேளை ஆகஸ்ட் வரை இருக்க முடிவு செய்தால் அதற்கேற்ப ஊர் திரும்பும் தேதியையும் பயணக் காப்பீட்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல், தங்கும் நாள் முழுவதற்கும் இருக்க வேண்டும். விசா வாங்கியபோது எடுத்தது ஜனவரிப் பயணத்தோடு முடிந்திருக்கும்.

புதுப் பாஸ்போர்ட்டில் பழைய முத்திரை எதுவும் இல்லையே, எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்காதா என்று சிலர் கேட்பதுண்டு. தொடங்காது. கணக்கு ஆளுக்குத்தான், புத்தகத்துக்கு அல்ல. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக மின்னணுப் பதிவு படிப்படியாக வந்தது. முகப்படத்தையும் கைரேகையையும் எடுத்துக்கொள்கிறார்கள். நாள் கணக்கை இயந்திரமே போடும்.

நாள் தாண்டித் தங்கினால் என்ன செய்வார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அபராதம் உண்டு, சில காலம் நுழையத் தடையும் வரலாம். எதுவும் செய்யாமல் விட்டாலும் அடுத்த விசா விண்ணப்பத்தில் அது முன்னால் வந்து நிற்கும். மகளுக்கோ குழந்தைக்கோ, உங்களுக்கோ உண்மையிலேயே உடல்நலச் சிக்கல் ஏற்பட்டுத் திரும்ப முடியாமல் போனால் அங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் நீட்டிப்புக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் அனுமதித்த நாள் முடிவதற்குள், மருத்துவமனைக் கடிதத்தோடு கேட்க வேண்டும். "பேரக் குழந்தையைக் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற காரணம் அங்கே எடுபடுவது அரிது.

டிக்கெட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்காதீர்கள். ஒரே டிக்கெட் என்றால் நடுவில் மாறும் விமான நிலையத்தில் பெட்டி தானாகப் போய்விடும், பெரும்பாலான நாடுகளில் நீங்கள் குடிவரவைத் தாண்ட வேண்டியதில்லை. தனி டிக்கெட் என்றால் வெளியே வந்து பெட்டியை எடுத்துத் திரும்ப செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா வேண்டும், அந்த நாட்டின் 6 மாத விதியும் பொருந்தும். முதலில் இறங்குவது மகள் இருக்கும் நாடாக இல்லாமல் வேறு ஷெங்கன் நாடாக இருந்தால், குடிவரவுச் சோதனை அங்கேயே நடக்கும். அதன் பிறகு மகள் ஊருக்குப் போவது உள்நாட்டு விமானம் போலத்தான். ஆகவே காகிதங்களைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

கைப்பையில் இருக்க வேண்டியவை: இரண்டு பாஸ்போர்ட்டும், திரும்பும் டிக்கெட், காப்பீடு, மகளின் குடியிருப்பு அட்டை நகல், அவள் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய அழைப்புக் கடிதம். பிரான்ஸ் என்றால் அந்த ஊர் நகராட்சி தரும் தங்குமிட உறுதிச் சான்றையும் கேட்கலாம். விசா இருப்பவரிடமும் ஏன் வருகிறீர்கள், எங்கே தங்குவீர்கள் என்று எல்லை அதிகாரி கேட்பார். திருப்தி இல்லையென்றால் திருப்பி அனுப்பவும் அவருக்கு அதிகாரம் உண்டு. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறேன், இந்தத் தேதியில் திரும்புகிறேன் என்று சுருக்கமாகச் சொன்னால் போதும்.

முதல் வேலை பாஸ்போர்ட். புது எண் கைக்கு வந்த பிறகு டிக்கெட் எடுங்கள். டிக்கெட்டை முன்பே எடுத்தாயிற்று என்றால் விமான நிறுவனத்தின் பதிவில் பழைய எண்ணை மாற்றிவிட்டு, மே 10-ஐ மே 16 ஆக்க என்ன கேட்கிறார்கள் என்று இன்றே விசாரியுங்கள்.