காலில் வரி மட்டும் போதாது, முதுகைப் பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் அடுக்குமாடி வீடு. தாழ்வாரத்துச் செடித்தட்டில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. வீட்டுக்குள் காலில் வெள்ளை வரி உள்ள கொசு ஒன்றை அடித்தேன். இது டெங்கிக் கொசுவா, வெறும் புலிக்கொசுவா? அல்லது எங்கள் வட்டாரத்தில் விடுகிறார்களே, அந்தக் கொசுவா?

பதில்: புலிக்கொசுவை 'வெறும்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். டெங்கியைப் பரப்புவதில் முதலிடம் ஏடிஸ் எஜிப்டிக்கு. ஆனால் புலிக்கொசுவான ஏடிஸ் ஆல்போபிக்டஸும் அதைப் பரப்பக்கூடியதுதான். ஆகவே தட்டில் இன்னும் தண்ணீர் இருந்தால் முதலில் கொட்டிவிட்டு வாருங்கள். பார்ப்பதற்கு நாலைந்து பெரிய புழுக்களை மட்டும் ஒரு கிண்ணத்தில் எடுத்து, சுடுதண்ணீர் ஊற்றிக் கொன்று வைத்துக்கொண்டால் போதும்.

காலில் உள்ள வெள்ளை வரி இரண்டு கொசுவுக்கும் உண்டு. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது தலைக்குப் பின்னால், இறக்கை முளைக்கும் இடத்துக்கு முன்னால் உள்ள முதுகுப் பகுதி. நட்டநடுவில் ஒரே ஒரு வெள்ளிக்கோடு நேராக ஓடினால் அது ஆல்போபிக்டஸ். இரு பக்கமும் வளைந்த இரண்டு வெள்ளைக் கோடுகள், அவற்றுக்கு நடுவே மெல்லிய இரண்டு கோடுகள் என யாழ் வடிவம் தெரிந்தால் எஜிப்டி.

அடித்த கொசுவில் இது பெரும்பாலும் தெரியாது. கோடுகள் எல்லாம் நுண்ணிய செதில்கள். கை பட்டாலே உதிர்ந்துவிடும். அடுத்த முறை ஒரு கண்ணாடிக் குவளையால் மூடிப் பிடித்து, குவளையோடு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். அசைவு நின்றதும் வெள்ளைத்தாளில் போட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துக் கைப்பேசியில் பெரிதாக்கிப் படம் எடுங்கள். முதுகுச் செதில் உதிர்ந்திருந்தாலும் முகம் கைகொடுக்கும். உறிஞ்சுகுழல் தொடங்கும் இடத்துக்கு மேலே சின்னப் புடைப்பு ஒன்று இருக்கும். பெண் எஜிப்டிக்கு அதில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள். ஆல்போபிக்டஸுக்கு முழுக் கறுப்பு. நடுக்காலின் தொடையையும் பாருங்கள். முன்பக்கம் நீளவாக்கில் வெள்ளைக்கோடு இருந்தால் அதுவும் எஜிப்டிதான். (இங்கே ஏடிஸ் மலாயென்சிஸ் என்று இன்னொன்றும் உண்டு. அதற்கும் நடுமுதுகில் ஒற்றைக்கோடு இருப்பதால் ஆல்போபிக்டஸ் என்றே நினைக்கத் தோன்றும். அதைப் பிரிப்பதை ஆய்வுக்கூடத்துக்கு விட்டுவிடலாம்.)

புழுவுக்கு வருவோம். உயிரோடு இருக்கும்போது அது தண்ணீரில் நிற்கும் விதமே பாதி விடையைச் சொல்லிவிடும். மற்றக் கொசு வகைகளில் அனோஃபிலிஸ் புழுவுக்கு மூச்சுக்குழல் கிடையாது, நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும். கியூலெக்ஸுக்கு நீண்ட, ஒல்லியான மூச்சுக்குழல், சாய்ந்து தொங்கும். ஏடிஸுக்குக் குட்டையான, தடித்த குழல். கிட்டத்தட்ட நேராகத் தலைகீழாகத் தொங்கும். செடித்தட்டில் தேங்கும் தெளிந்த நீரில் பெரும்பாலும் ஏடிஸ்தான் கிடைக்கும்.

எந்த ஏடிஸ் என்று பார்க்க வெறும் கண் போதாது, நுண்ணோக்கி வேண்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் வைத்திருப்பதே போதும். நன்கு வளர்ந்த புழுவாக எடுத்து, வயிற்றின் எட்டாவது கண்டத்தை (வளையம்போன்ற பகுதியை) பாருங்கள். மூச்சுக்குழல் முளைக்கும் கண்டம் அது. அதன் பக்கவாட்டில் பத்துப் பன்னிரண்டு சிறு செதில்கள் ஒரே வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றும் நடுவில் நீண்ட முள், அடியில் இருபுறமும் வலுவான பக்கமுட்கள் எனச் சூலம்போல் இருந்தால் எஜிப்டி. பக்கமுள் இல்லாமல் ஒற்றை முள்ளாக நின்றால் ஆல்போபிக்டஸ். நெஞ்சுப் பகுதியின் பக்கவாட்டு மயிர்களுக்கு அடியில் எஜிப்டிக்குக் கொக்கிபோன்ற முட்கள் எடுப்பாகத் தெரியும்; மற்றதில் அவை மிகச் சிறியவை. எனக்கு நம்பகமானது எட்டாவது கண்டம்தான்.

எது என்று தெரிந்தால் தேட வேண்டிய இடமும் தெரியும். எஜிப்டி வீட்டுக்குள்ளேயே வாழப் பழகியது. அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், திரைச்சீலை மடிப்பில் ஒளிந்திருக்கும். அது வந்தால் வீட்டுக்குள் பூச்சாடி, வாளி, குளிரூட்டியின் நீர்த்தட்டு எல்லாவற்றையும் பாருங்கள். ஆல்போபிக்டஸ் செடிகொடி உள்ள வெளிப்புறத்தை விரும்புவது. தாழ்வாரத்துச் செடித்தட்டு இரண்டுக்கும் தோதான இடம். அப்புறம், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் தட்டின் உள்விளிம்பில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். விளிம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

கடைசியாக, உங்கள் வட்டாரத்தில் விடும் வொல்பாக்கியா கொசு, அதாவது வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் கொசு. தேசியச் சுற்றுப்புற வாரியம் விடுவது ஆண் எஜிப்டி கொசுக்களை. ஆண் கொசு கடிக்காது. அதன் உணர்கொம்புகள் அடர்ந்த இறகுபோல் இருக்கும், பெண்ணுக்கோ மயிர் குறைவு. உங்களைக் கடித்தது என்றால் அது பெண்தான். அந்த ஆண்கள் எஜிப்டி பெண்களோடு சேரும்போது முட்டைகள் பொரிவதில்லை. ஆல்போபிக்டஸின் பெருக்கத்தை அவை கட்டுப்படுத்தா. உங்கள் தட்டில் வளர்வது அதுவாக இருந்தால், தட்டைக் காயவைக்க வேண்டியவர் நீங்கள்தான்.