உள்ளே என்ன என்று காட்டாத மறையாக்கத்தை வாங்கலாமா?

வணக்கம். உங்கள் பரிசோதனை லேபுக்கு, குவாண்டம் கணினி வந்தாலும் உடையாது என்று ஒருவர் தன் சொந்த மறையாக்க முறையை (தகவலை மற்றவர்கள் படிக்க முடியாதபடி பூட்டும் முறையை) விற்க வருகிறார், உள்ளே இருப்பதைக் காட்ட மறுக்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி (NIST), குவாண்டம் கணினிக்கும் உடையாத முறைகளைத் தேர்ந்தெடுக்கவென்றே 2016-ல் ஒரு திறந்த தேர்வை ஆரம்பித்தது. யார் வேண்டுமானாலும் முறையை அனுப்பலாம், யார் வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கலாம். அதில் சைக் (SIKE) என்ற முறை நாலாவது சுற்று வரை வந்துவிட்டது. 2022-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், கணினிச் செயலியின் ஒரே ஒரு கோர் (core) மட்டும் வைத்து, சுமார் ஒரு மணி நேரத்தில் அதை உடைத்துவிட்டார்கள். அத்தனை வருடம் நிபுணர்கள் அலசியும் கண்ணில் படாத ஓட்டை! யாருமே பார்க்காத ஒன்றை எப்படி நம்புவது?

2024 ஆகஸ்டில் என்ஐஎஸ்டி வெளியிட்ட ஃபிப்ஸ் 203 என்ற தரநிலையில் இருக்கும் எம்எல்-கெம் (ML-KEM) முறை, சாவிப் பரிமாற்றத்துக்கு, அதாவது இரண்டு கணினிகள் பூட்டும் ரகசியச் சாவியைத் தங்களுக்குள் அமைத்துக்கொள்வதற்கு, போதும். இணைய இணைப்புகளைப் பாதுகாக்கும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல் (OpenSSL) 3.5-லேயே அது இருக்கிறது, காசு கிடையாது. உங்கள் சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். அப்புறம் நோயாளிகளின் அறிக்கை போகும் இணைப்புகளை எம்எல்-கெம்முக்கு மாற்றுங்கள். பல வருடம் ரகசியமாக இருக்க வேண்டியது அதுதான். பூட்டிய தகவலை இன்றே பிடித்து வைத்து, குவாண்டம் கணினி வந்த பிறகு திறக்க நினைப்பவர்கள் தேடுவதும் அதைத்தான்.